கோளாறு தெரியவில்லை

நின்றுபோன வண்டி மறுபடி கிளம்பிவிட்டால் எல்லோருக்கும் சந்தோஷம்தான். மெக்கானிக்கான அவருக்கு மட்டும் முகம் வாடிவிடும். எதனால் நின்றது என்று தெரியாமல் எப்படிக் கொண்டுபோவீர்கள் என்று வண்டிக்காரரிடம் கேட்பார். ஓடுதுல்லா அண்ணாச்சி, விடுங்க என்பார் வண்டிக்காரர். இவர் சாவியைக் கொடுக்க மாட்டார். “தானாச் சரியானது தானாக் கெடும்” என்று சொல்லிவிட்டு மறுபடி பானெட்டைத் திறப்பார்.

தூத்துக்குடியில் பழைய துறைமுகத்துக்குப் போகிற சாலையில், உப்பு மூட்டை அடுக்கும் கிட்டங்கி ஒன்றின் சுவரை ஒட்டித் தகரம் போட்ட இடம்தான் அவருடைய ஒர்க்‌ஷாப். எழுபதுகளின் தொடக்கம் அது. ஊருக்குத் தெற்கே புதுத் துறைமுகம் கட்டிக்கொண்டிருந்தார்கள். கடலுக்குள் கொட்டுவதற்குக் கல் ஏற்றிய லாரிகள் நாள் முழுக்கப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போகும். அவற்றில் பத்தில் ஒன்று அவரிடம் வந்திருந்தாலும் நன்றாகப் பிழைத்திருப்பார். லாரிக்காரர்கள் வரவில்லை. அவர்களுக்கு வண்டி சாயங்காலத்துக்குள் வேண்டும். இவருக்குக் காரணம் வேண்டும்.

அவருடைய மனைவி ஒருமுறை என்னிடம் சலித்துக்கொண்டார். “ஊருல எல்லாரும் வண்டியை ஓட வெச்சுக் குடுக்கான். இவுக மட்டும் வண்டிக்குப் பாவசங்கீர்த்தனம் கேட்டுட்டு இருக்காக.” உண்மையிலேயே பாதிரியார் முன் பாவத்தை அறிக்கையிடுகிற மாதிரிதான் இருக்கும். வண்டி வந்தவுடன் கருவியைத் தொட மாட்டார். டிரைவரை ஒரு பெட்டிமேல் உட்காரவைத்து, எங்கே நின்றது, ஏற்றமா சமதரையா, நிற்பதற்கு முன் இருமியதா, பட்டென்று அடங்கியதா என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். பிறகுதான் எழுந்து நீளமான ஸ்குரூ டிரைவரை எடுத்து, அதன் முனையை இஞ்சின்மேல் வைத்து, பிடியைக் காதோடு சேர்த்துக் கண்ணை மூடிக்கொள்வார். பிளக்கைக் கழற்றி முகர்வார். தெரிந்தால் சொல்வார். தெரியாவிட்டால் ‘தெரியலை’ என்பார். அந்தச் சொல்லை அவ்வளவு கூச்சமில்லாமல் சொன்ன வேறு ஆளை, டாக்டர்கள் உட்பட, நான் பார்த்ததில்லை.

நான் அப்போது ஊரில் ஒரு சின்ன மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன். நாசரேத்துப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். ஆஸ்பத்திரிக்குப் பழைய பிக்கப் ஒன்று இருந்தது. எந்தக் காலத்திலோ ஒரு பாதிரியார் விட்டுவிட்டுப் போனது. பின்புறம் கான்வாஸ் கூரை கட்டி, பெஞ்சும் மெத்தையும் போட்டு அதைத்தான் ஆம்புலன்ஸாக வைத்திருந்தோம். கடற்கரை ஊர்களிலிருந்து பிரசவக் கேஸ்களை அதில்தான் கொண்டுவருவோம். டிரைவர் செல்லத்துரை. நல்ல பையன் என்று சொல்ல முடியாது, நாற்பது வயது. குடிப்பான். ஆனால் வண்டி எடுக்கிற நாளில் குடித்து நான் பார்த்ததில்லை.

அந்த பிக்கப்பின் பானெட்டுக்கு அடிப்பக்கம் முழுக்கச் சாக்கட்டிக் குறிகள் இருக்கும். எல்லாம் அவர் போட்டவை. ஒற்றைக் கோடு என்றால் கரண்ட் கோளாறு, வட்டம் என்றால் பெட்ரோல், பெருக்கல் குறி என்றால் தண்ணீரும் சூடும். சரிசெய்த பிறகு குறியின்மேல் ஒரு கோடு கிழிப்பார். காரணம் கிடைக்காவிட்டால் வெறும் புள்ளி. பானெட்டைத் தூக்கினால் முதலில் அந்தக் குறிகளைத்தான் படிப்பார். என் கையில் இருந்த கேஸ் ஷீட்டைக் காட்டி, இதுவும் அதுவும் ஒன்றுதான் சிஸ்டர் என்றார் ஒருநாள். அவருடைய பக்கத்து வீட்டுக்காரருக்குப் பத்து நாள் காய்ச்சல் வந்து தானாக விட்டபோது, ஏன் விட்டது என்று என்னிடம் வந்து கேட்டவர் அவர். சில காய்ச்சல் அப்படித்தான் என்றேன். நம்பாத முகத்தோடு போனார்.

எனக்கு அப்போது நாலாவது மாதம். முதல் பிள்ளை. பிக்கப்பில் பெட்ரோல் டேங்க் சீட்டுக்குப் பின்னாலேயே இருக்கும். வெயிலில் அதிலிருந்து நாற்றம் கிளம்பி, கேபினையும் பின்பக்கத்தையும் நிறைத்துவிடும். ஊருக்கு வெளியே போவதற்குள் இரண்டு முறை வாந்தி எடுப்பேன். ஒருநாள் வண்டி ஆயில் மாற்றப் போயிருந்தபோது நானும் கூடப் போய், இந்த நாற்றத்துக்கு ஏதாவது செய்யக் கூடாதா அண்ணாச்சி என்று கேட்டேன். கேட்டுக்கொண்டிருக்கும்போதே குமட்டிக்கொண்டு வந்து, அவருடைய ஒர்க்‌ஷாப் ஓரத்திலேயே வாந்தி எடுத்தேன். அவர் மனைவி ஓடிவந்து தலையைப் பிடித்துக்கொண்டார். அவர் பழைய டியூப் ஒன்றை எடுத்து, வட்டமாக ரப்பர் வெட்டி, டேங்க் மூடிக்கு உள்ளே வைத்து இறுக்கி மூடினார். அதோடு நாற்றம் நின்றது. திரும்பி வரும்போது வாய்க்குள் அவருக்காக ஒரு சின்ன ஜெபம்கூடச் சொன்னேன்.

அதை அவர் பானெட்டில் குறிக்கவில்லை. அது ரிப்பேர் இல்லையே. எனக்குச் செய்த உபகாரம்.

அடுத்த மூன்று வாரத்தில் வண்டி இரண்டு முறை வழியில் நின்றது. இரண்டு தடவையும், கொஞ்ச நேரம் கழித்துக் கிளம்பிவிட்டது என்று செல்லத்துரை சொன்னான். மெக்கானிக் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார், பெட்ரோல் குழாயை ஊதிப் பார்த்தார், ஊருக்குள் நாலு சுற்றுச் சுற்றினார். ஒன்றும் கிடைக்கவில்லை. இரண்டு புள்ளிகள் வைத்தார். வண்டியை இன்னும் இரண்டு நாள் விட்டுவிட்டுப் போகச் சொன்னார். ஆஸ்பத்திரியில் வேறு வண்டி கிடையாது. செல்லத்துரை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

வேம்பார்ப் பக்கத்துக் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து ஆள் வந்தது அதற்கு அடுத்த வாரம். பிள்ளை பிறந்துவிட்டது, நஞ்சுக்கொடி விழவில்லை, ரத்தம் நிற்கவில்லை என்றார்கள். காலையில் கிளம்பினோம். அந்த ரோட்டில் பெட்ரோல் பங்க் கிடையாது. டேங்க்கில் கொஞ்சம்தான் இருந்ததால் இரண்டு கேன் நிறையப் பெட்ரோலைப் பின்னால் வைத்துக்கொண்டு போனோம். போகும்போது ஒரு தொந்தரவும் இல்லை. அந்தப் பெண்ணுக்கு இருபத்திரண்டு, இருபத்திமூன்று வயது இருக்கும். புருஷன் கடலுக்குப் போயிருந்தான். நான் அவளைப் பெஞ்சில் படுக்கவைத்து, கால்மாட்டை உயர்த்தி, ஊசி போட்டு முடிப்பதற்குள் செல்லத்துரை கேன்களை டேங்க்கில் ஊற்றி மூடினான். பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுவிட்டுக் கிளம்பினோம்.

வைப்பாறு தாண்டிக் கொஞ்ச தூரத்தில் வண்டி நின்றது. இரண்டு பக்கமும் முள் நிறைந்த உடைமரம். ஆள் இல்லை, நிழலும் இல்லை. செல்லத்துரை பானெட்டைத் திறந்து வயர்களை ஆட்டிப் பார்த்தான், பிளக்கைத் துடைத்தான், முன்னால் ஹேண்டிலைப் போட்டு இஞ்சினைச் சுற்றினான். சுற்றிச் சுற்றி அவன் உள்ளங்கைத் தோல் உரிந்துவிட்டது. நான் பின்னால் அவள் வயிற்றை அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் கேட்டாள். அப்புறம் குளிருது என்றாள், அந்த வெயிலில். ஒரு மணி நேரத்துக்குமேல் போன பிறகு ஓர் உப்பு லாரி வந்தது. மூட்டைகளின்மேல் அவளைக் கிடத்திக்கொண்டு வந்தோம். தருவைகுளம் வருவதற்கு முன்பே என் கைக்குள் நாடி நின்றுவிட்டது.

அன்று பொழுது சாயும் நேரத்தில் செல்லத்துரை அதே பிக்கப்பை ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தான். இரண்டு மணி நேரம் கிடந்துவிட்டு, ஹேண்டிலைப் போட்டவுடன் பற்றிக்கொண்டது என்றான். அவனுக்கு வினை அதுதான். அவளை ஏற்றிக்கொண்டு நிற்கிற வண்டி, ஆள் இறங்கியதும் ஓடுமா என்று கேட்டார்கள். குடித்திருப்பான் என்றார்கள். நான் அவன் குடிக்கவில்லை என்று சொன்னேன். நீ பின்னால்தானே இருந்தாய் என்றார்கள்.

ஆஸ்பத்திரிச் செயலாளர் கெட்ட மனிதர் இல்லை. விஷயத்தை முடிக்க ஒரு தாள் வேண்டியிருந்தது அவருக்கு. மெக்கானிக்கைக் கூப்பிட்டனுப்பி, வண்டியில் கோளாறு இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். மேசைக்கு இந்தப் பக்கம் நானும் நின்றிருந்தேன்.

“கோளாறு இல்லைன்னு எழுத மாட்டேன் ஐயா. கோளாறு தெரியலைன்னு எழுதுதேன்.”

இரண்டும் ஒன்றுதானே என்றார் செயலாளர்.

“ஒண்ணு இல்லை” என்றார் அவர். தெரியவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார். அந்தத் தாள் செல்லத்துரையைக் காப்பாற்றவில்லை. மறுநாளே அவனை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அவன் துறைமுகத்துக்குக் கல் லாரி ஓட்டப் போனான்.

இரண்டு மாதம் அவர் அந்த பிக்கப்பைப் பின்தொடர்ந்து அலைந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். அந்த இரண்டு மாதமும் வண்டி ஊருக்குள் மட்டுமே ஓடியது, ஒருமுறைகூட நிற்கவில்லை. வேலை முடிந்து சாயங்காலங்களில் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்து, புது டிரைவரிடம் கெஞ்சிக் கொஞ்ச நேரம் வாங்கிப் பார்ப்பார். நீங்கள் ஏன் இப்படிக் கிடந்து சாகிறீர்கள் என்று அவர் மனைவி கேட்டதற்கு, அந்தப் பயல் குடிக்கலைன்னா வண்டிதான் குடிச்சிருக்கணும் என்றாராம். பிறகு ஒருநாள் என்னிடம் வந்து, அன்றைக்கு வண்டியில் இருந்த இரண்டு பேரும் வேண்டும் சிஸ்டர், அதே ரோட்டில் அதே மாதிரி ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும் என்றார். எனக்கு அப்போது ஏழாவது மாதம். வீட்டுக்காரர் வேண்டாம் என்றார். எனக்கும் அந்த ரோட்டைப் பார்க்கப் பயம்தான். ஆனாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, செயலாளரிடம் அனுமதி கேட்டு, மூன்று பேரும் கிளம்பினோம்.

அன்றைக்குப் போலவே கொஞ்சம் பெட்ரோலோடு போனோம். அதே ஊர் எல்லையில் இரண்டு கேனையும் ஊற்றினான் செல்லத்துரை. திரும்பினோம். வைப்பாறு தாண்டியதும், அதே இடம் என்று சொல்ல மாட்டேன், அரை மைல் முன்னே பின்னே இருக்கும், வண்டி இரண்டு முறை இருமிவிட்டு அடங்கியது.

யாரும் எதையும் தொட வேண்டாம் என்றார். செல்லத்துரையிடம் அன்றைக்கு என்னென்ன செய்தானோ அதை மட்டும் செய்யச் சொன்னார். அவன் பானெட்டைத் திறந்தான், வயரை ஆட்டினான், பிளக்கைத் துடைத்தான், ஹேண்டிலைச் சுற்றினான். அவர் ஓர் உடைமரத்தடியில் குத்தவைத்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். அரை மணி நேரம் ஆகியிருக்கும். பிறகு நிதானமாகக் கேட்டார்.

“அதுக்கு முன்ன ரெண்டு தடவை நின்னுச்சே, அப்ப என்னல செஞ்ச?”

“குச்சி விட்டுப் பாத்தேன் அண்ணாச்சி. அளவு காட்டுற முள்ளுதான் செத்துப்போச்சே. டேங்கைத் திறந்து குச்சி விட்டாத்தான் பெட்ரோல் இருக்கான்னு தெரியும்.”

“பெறவு?”

“மூடிட்டு அடிச்சேன். கிளம்பிட்டு.”

“அன்னைக்கு ஏன் குச்சி விடலை?”

“ரெண்டு கேனை இப்பத்தானே ஊத்தினேன். நெறைய இருக்குன்னு தெரியுமே.”

அவர் எழுந்தார். எழுந்திருக்கும்போது இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி எழுந்தது நினைவிருக்கிறது. வண்டியின் பக்கவாட்டுக்குப் போய் டேங்க் மூடியில் கையை வைத்தார். உடனே திருகவில்லை. திருகியபோது, உஸ் என்று காற்று உள்ளே இழுக்கிற சத்தம் மூன்று பேருக்கும் கேட்டது. நீளமாகக் கேட்டது. இப்போது ஹேண்டிலைப் போடு என்றார். முதல் சுற்றிலேயே இஞ்சின் பற்றிக்கொண்டது.

டேங்க் மூடியில் ஊசி முனையளவு ஓட்டை ஒன்று இருக்கும். பெட்ரோல் குறையக் குறைய அதன் வழியாகத்தான் காற்று உள்ளே போகும். காற்றுப் போகாவிட்டால் டேங்க் பெட்ரோலை வெளியே விடாது, வாய் மூடிய புட்டியைக் கவிழ்த்த மாதிரி. டேங்க் காலியாக இருந்தால் உள்ளே இருக்கிற காற்றை வைத்து ரொம்ப தூரம் ஓடும். நிரம்பியிருந்தால் சீக்கிரம் நின்றுவிடும். மூடியைத் திறந்தால் கோளாறும் போய்விடும், அதற்கான அடையாளமும் போய்விடும். திறக்காவிட்டாலும், அன்றைக்குப் போல மணிக்கணக்கில் கிடந்தால் இடுக்கு வழியே கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று ஏறித் தானாகச் சரியாகிவிடும். இவ்வளவையும் அவர் செல்லத்துரைக்குத்தான் விளக்கிச் சொன்னார். சொல்லிக்கொண்டே மூடிக்குள்ளிருந்து அந்த ரப்பரை நகத்தால் பெயர்த்தெடுத்தார்.

எடுத்ததும் என்னை ஒருமுறை பார்த்தார். நான் வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். அவர் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

“இது என் கை செஞ்ச வேலைல” என்றார் செல்லத்துரையிடம். “உன்மேல ஒண்ணும் இல்லை.”

செல்லத்துரை அவரைத் திட்டவில்லை, அடிக்கவும் இல்லை. ரோட்டோரம் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதான். நான் பேசியிருக்க வேண்டியது அப்போதுதான்.

மறுநாள் அவர் செயலாளருக்குத் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தார். கோளாறு தன்னால் ஏற்பட்டது, டிரைவர்மேல் குற்றமில்லை என்று இரண்டே வரி. செல்லத்துரையை மறுபடி வேலைக்குக் கூப்பிட்டார்கள். அவன் யோசித்து ஒரு வாரம் கழித்து வந்தான். ஊருக்குள் விஷயம் பரவியது. அவர் கை வைத்த வண்டியில் ஓர் உயிர் போய்விட்டது என்று பேசிக்கொண்டார்கள். ஏற்கெனவே வருகிற நாலைந்து வண்டியும் குறைந்தது. அவராகவே எழுதிக் கொடுத்ததால்தானே இது தெரிந்தது என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

நான் அவரைப் போய்ப் பார்க்கப் பத்து நாள் ஆனது. ரப்பர் போடச் சொன்னது நான் என்று ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். அவர் கையில் இருந்த வேலையை நிறுத்தவில்லை.

“நீங்க நாத்தம்னு சொன்னீங்க சிஸ்டர். அம்புட்டுத்தானே. எங்கேருந்து வருது, ஏன் வருதுன்னு நான்லா பாத்திருக்கணும். உங்களைப் பாத்தா பாவமா இருந்துச்சு. பாக்காம அடைச்சிட்டேன்.”

வேறு யார் சொல்லியிருந்தாலும் அது எனக்குச் சமாதானமாக இருந்திருக்கும். எந்த வண்டியிலும் காரணம் பார்க்காமல் கை வைக்காத மனிதர், ஒரே ஒரு தடவை, என் வாந்தியைப் பார்த்துவிட்டு அப்படிச் செய்திருக்கிறார். நான் வீட்டுக்கு வந்து அன்று சாப்பிடவில்லை.

அந்தப் பெண்ணின் புருஷனிடமும் அவர் போய்ச் சொல்லிவிட்டு வந்திருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. அவன் கடைசியில், அவள் ரொம்பக் கஷ்டப்பட்டாளா என்று மட்டும் கேட்டானாம். தெரியாது, கூட இருந்த நர்ஸம்மாதான் சொல்ல வேண்டும் என்று இவர் சொல்லியிருக்கிறார். அதற்காகத்தான் நான் போனேன். அதற்காக மட்டுமில்லை.

என் மகள் பிறந்து மூன்று மாதம் ஆனதும், அவளை அம்மாவிடம் விட்டுவிட்டு, பஸ்ஸில் போனேன். அவன் கரையில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தான். கடைசியில் அவளுக்கு வலி இல்லை, குளிர் மட்டும்தான் என்று சொன்னேன். அது உண்மை. பிறகு ரப்பர் விஷயத்தையும், அதைப் போடச் சொன்னது நான் என்பதையும் சொன்னேன். அவன் வலையிலிருந்து கையை எடுக்காமலே பேசினான்.

“அவரு வந்து நான்தான்னு சொல்லிட்டுப் போனாரு. இப்ப நீங்க வந்து நீங்கதான்னு சொல்லுதீங்க. எங்க மாமியா, முன்னாடியே ஆள் அனுப்பாதது என் தப்புன்னு தெனமும் ஒப்பாரி வெக்கா. நான் அன்னைக்குக் கடலுக்குப் போயிருக்கப்பிடாது. எத்தனை பேரைத்தான் நான் மன்னிக்க, சிஸ்டர்?”

பிறகு அவனே, பிள்ளைக்குக் காதில் சீழ் வடிகிறது, வந்ததுதான் வந்தீர்கள், பார்த்துவிட்டுப் போங்கள் என்றான். பையன். என் மகளைவிட நாலு மாதம் மூத்தவன், அவளைவிட எடை குறைவாக இருந்தான். காதைத் துடைத்துவிட்டு, சொட்டு மருந்து அனுப்புகிறேன் என்று சொல்லி வந்தேன்.

ஊருக்கு வந்ததும் நடந்ததை மெக்கானிக்கிடம் அப்படியே சொன்னேன். மன்னிப்பைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. எந்தக் காது, எத்தனை நாளாக வடிகிறது, பால் என்ன கொடுக்கிறார்கள் என்று கேட்டார். மருந்தை யாரிடம் கொடுத்தனுப்பப் போகிறீர்கள் என்று கேட்டார். தபாலில் என்றேன். கையை நீட்டி, என்னிடம் கொடுங்கள் என்றார்.

அதற்குப் பிறகு மாதத்தில் ஒரு சனிக்கிழமை அவருடைய ஒர்க்‌ஷாப் மூடியிருக்கும். எங்கே போகிறார் என்று நான் கேட்டதில்லை. போவதற்கு முந்தின நாள் ஆஸ்பத்திரிக்கு வந்து, பையனுக்கு இருமல், பையனுக்குப் பல் முளைக்கிறது, தவழுகிறான், மருந்து ஏதும் வேண்டுமா என்று கேட்பார். கொடுப்பேன். ஒருமுறையாவது கூடப் போயிருக்கலாம். போகவில்லை. இரண்டு வருடம் கழித்து என் வீட்டுக்காரருக்கு வேறு ஊருக்கு மாற்றலானது.

நாங்கள் சாமான்களோடு கிளம்பிய காலையில் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். வேம்பார் பஸ் நிற்கிற இடத்தில், ஒரு பால்மாவு டின்னைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தூணில் சாய்ந்து நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. விடைபெறுவதற்காக எழுப்ப மனம் வரவில்லை. அவருடைய பஸ் வந்து நின்றது. ஜனங்கள் முண்டியடித்து ஏறினார்கள். அப்போதும் அவர் விழிக்கவில்லை. நான் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு போய் அவர் தோளைத் தொட்டு, அண்ணாச்சி, வண்டி வந்துட்டு என்றேன். யார் எழுப்பியது என்றுகூடப் பார்க்காமல், டின்னை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடிப்போய் ஏறிக்கொண்டார்.